பதினெட்டாம் நம்பர் சதவீதம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் மானம் போகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். என் நண்பனின் லாண்டரியில் போட்ட உன் பணம் வருஷத்துக்குப் பதினெட்டு சதவீதம் வளர்கிறது என்று ஏழு வருஷமாகச் சொல்லி வருகிறேன் அல்லவா? அது பஸ் நம்பர்.

முதல் தடவை நீ போன் பண்ணி, "எவ்வளவுடா கிடைக்குது?" என்று கேட்டபோது நான் முகம் முழுக்கச் சோப்போடு ஷேவிங் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கையில் பிளேடு, காதில் நீ. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு பஸ் போனது. கண்ணாடியில் தெரிந்த அதன் நெற்றியைப் படித்தேன். நீ "அவ்ளோவா!" என்றாய். அத்தான் போன பிறகு உன் குரல் அப்படி ஏறி நான் கேட்டதே இல்லை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அடுத்த வருஷமும் பதினெட்டு, அதற்கடுத்த வருஷமும் பதினெட்டு. ஐம்பத்திரண்டு வயசில் ஒரு மனுஷன் ஒரே ஒரு விஷயத்தில் நிலையாக இருந்திருக்கிறான் என்றால் அது இதில்தான்.

போனில் கேட்டால் சிரிக்க வைத்து நழுவிவிடுகிறேன், அதனால் எழுத்தில் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நியாயம். சரியாகவே கணக்குப் போட்டு அனுப்புகிறேன். நீ ஓவர்டைம் கிடைத்தபோதெல்லாம் அனுப்பினாய். ஒரு தடவை பதினைந்தாயிரம், ஒரு தடவை நாற்பது, நடுவில் பத்து மாசம் ஒன்றுமில்லை. இப்படித் தாறுமாறாகப் போன பணத்துக்கு வட்டிவிகிதம் கண்டுபிடிப்பது சாதாரணக் கால்குலேட்டரால் ஆகாதாம். என் வீட்டில் ஒரு சாப்ட்வேர் டெஸ்ட்டர் இருக்கிறாளே, என் மனைவி, நான் சோதனை என்று கூப்பிடுகிறவள், அவள்தான் சொன்னாள். அதற்கென்றே பைத்தானில் யாரோ புண்ணியவான் எழுதி இலவசமாக விட்ட ஒரு நூலகம் இருக்கிறதாம். நூலகம் என்றதும் பெஞ்சும் ஃபேனும் பேப்பரை முகத்தில் போட்டுத் தூங்குகிற ஆளும் ஞாபகத்துக்கு வர வேண்டாம். இது நாலு வரியில் கூப்பிட்டால் வேலை செய்கிற நூலகம். தேதி ஒரு பத்தி, தொகை ஒரு பத்தி கொடுத்தால் போதும். விகிதம் வந்து விழும்.

முழங்கால் எப்படி இருக்கிறது? சோதனை உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். பக்கத்தில்தான் நிற்கிறாள், "பஸ் நம்பரையா சொன்னீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டு.

உன் தம்பி


ஜனவரி 17

தம்பிக்கு,

முழங்கால் இருக்கிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பஸ் நம்பரைப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஆபரேஷன் தியேட்டரில் என்னோடு நிற்கிற சிஸ்டரிடம் சொன்னேன், அவளும் சிரித்தாள். அப்புறம் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "சிஸ்டர், உங்க பணமாச்சே" என்றாள். அத்தோடு சிரிப்பு நின்றது.

உனக்கு விளையாட்டாக இருக்கலாம். ஜூன் கடைசியில் எனக்கு ஓய்வு. ஏப்ரல் முப்பதுக்குள் படிவம் கொடுக்க வேண்டும். ஆயுசு முழுக்க மாதாமாதம் வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் எல்லாவற்றையும் மொத்தமாக ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான், மாற்ற முடியாது. உன் நண்பனுடைய லாண்டரி உண்மையிலேயே பத்துக்கு மேல் தருகிறது என்றால் மொத்தமாக வாங்கி அதில் போடுகிறேன். இல்லையென்றால் மாதாமாதம். முப்பத்துநாலு வருஷம் நின்று சம்பாதித்தது இது ஒன்றுதான்.

ஆபரேஷன் முடிந்து வயிற்றைத் தைக்கிறதுக்கு முன்னால் பஞ்சுத் துணியை எண்ணுவோம். உள்ளே போனதும் வெளியே வந்ததும் சேரவில்லை என்றால் எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் தைக்க விடமாட்டோம். நீயும் அப்படி எண்ணு. நான் அனுப்பியது, நீ எனக்குத் திருப்பியது, இரண்டுக்கும் தேதி பாஸ்புத்தகத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். உன்னுடையதை நீ எடு. ஒப்பிட்டுக்கொள்வோம்.

அவளுக்கு என் அன்பு.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

உன் முழங்காலுக்கு என் வணக்கம். எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை, மூளையில்தான்.

நூலகத்திடம் கணக்கைக் கொடுத்தேன். அது "ஒன்றுமில்லை" என்று ஒரே சொல்லில் பதில் சொன்னது. மிக்ஸி, குக்கர், இஸ்திரிப்பெட்டிக்கெல்லாம் செய்முறைக் கையேடு எழுதிப் பிழைக்கிறவன் நான். பொத்தானை அழுத்தியும் வேலை செய்யவில்லை என்றால் முதலில் பிளக்கைப் பார்க்கச் சொல்லி எழுதுவேன். பிளக்கைப் பார்த்தேன். இருந்தது. கடைசியில் சோதனைதான் எட்டிப் பார்த்து, "எல்லாமே கூட்டலா இருக்கே, போனதுக்குக் கழித்தல் போடலையா?" என்றாள்.

விஷயம் இதுதான். கையை விட்டுப் போன பணத்துக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். திரும்பி வந்தது கூட்டல். இரண்டும் இருந்தால்தான் நடுவில் விகிதம் என்று ஒன்று கிடைக்கும். எல்லாம் ஒரே பக்கம் என்றால் நூலகம் கையை விரித்துவிடுகிறது. எனக்குப் புரியாமல் இல்லை, கை வரவில்லை. ராத்திரி பகல் பாராமல் நீ நின்று சம்பாதித்த பணத்துக்கு முன்னால் கழித்தல் போடுவதாவது? வாசலில் செருப்பை மாலை கட்டித் தொங்கவிடுகிற மாதிரி இருந்தது. சோதனை என்னை நகரச் சொல்லிவிட்டு, தானே உட்கார்ந்து மொத்தமும் தட்டினாள். நான் உனக்குத் திருப்பிய தொகைகளையும் அவளே தேதியோடு ஏற்றினாள்.

வந்த விடை கழித்தல் இருபத்திரண்டு. பயப்படாதே. கடைசி வரியில் இன்றைய தேதி போட்டு, உன் பங்கு இன்று விற்றால் எவ்வளவு போகும் என்று ஒரு தொகை எழுத வேண்டுமாம். அதை எழுதவில்லை. அது இல்லாவிட்டால் பாக்கி எல்லாம் ஆவியாகப் போய்விட்டதாக நூலகம் நினைத்துக்கொள்ளும். அந்தத் தொகையை நுரையிடம் கேட்க வேண்டும். லாண்டரிக்காரனுக்கு நான் வைத்த பேர் ஞாபகம் இருக்கிறதல்லவா? அப்பாவித்தனமாக வைத்தேன்.

அவன் சொன்னதும் எழுதுகிறேன். நம் இரண்டு பேர் எண்ணிக்கையும் ஒப்பிட, நான் திருப்பியவற்றின் தேதிகளை இத்துடன் தனித்தாளில் வைத்திருக்கிறேன். அவளும் நலம்.

உன் தம்பி


பிப்ரவரி 10

தம்பிக்கு,

தேதிகள் கிடைத்தன. என் பாஸ்புத்தகத்தோடு சேருகின்றன. நன்றாகவே சேருகின்றன.

நுரை என்ன சொன்னான்?

"அவளும் நலம்" என்று மூன்று சொல்லில்கூட எழுதவில்லை, இரண்டில் முடித்துவிட்டாய். வழக்கமாக அவள் ஏதாவது எழுதச் சொல்லுவாள், நீ அதற்கு ஒரு குத்தல் சேர்த்து எழுதுவாய். உடம்பு கிடம்பு சரியில்லையா?

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நீயும் முழங்காலும் நலம் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். கம்பெனியில் புது மாடல் சோறு வடிக்கிற பாத்திரம் ஒன்று வந்திருக்கிறது. அதன் மூடியைத் திறக்கிறதுக்கு மட்டும் பதினொரு எச்சரிக்கை எழுதச் சொன்னார்கள்.

உட்கார்ந்துகொண்டுதானே படிக்கிறாய்? 18.02.

நானே நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஏழு வருஷமாக ஒரு பஸ்ஸை நம்பிச் சொன்ன பொய் உண்மையாக வந்து நிற்கிறது! அதோடு ஒரு புள்ளி, ஒரு பூஜ்யம், ஒரு இரண்டு. அந்தப் பஸ்ஸைத் தேடிப் பிடித்து டிரைவருக்கு ஒரு மாலை போடலாமா என்று யோசிக்கிறேன். நுரையிடம் போனில் பேசினேன். ஹோட்டல்காரர்களின் படுக்கை விரிப்பு வேலையே மூச்சுவிட நேரமில்லாமல் வருகிறதாம். பங்கின் மதிப்பைச் சொன்னான், கடைசி வரியில் போட்டேன், நூலகம் 18.02 என்றது. நீ நம்ப வேண்டியது என்னையல்ல, யாரோ முகம் தெரியாத படித்த ஆட்கள் எழுதிய நூலகத்தை.

வேறு விசேஷம் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது, எழுத நிறைய நேரம் கிடைக்கிறது.

உன் தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

18.02 கண்டேன். சந்தோஷம். பத்துக்கு மேல் இருந்தால் போதும் என்றிருந்தேன், நீ பதினெட்டே கொடுத்துவிட்டாய்.

அப்படியென்றால் யோசிக்க ஒன்றுமில்லை. மொத்தமாகவே வாங்கிவிடுகிறேன். படிவத்தைப் பூர்த்தி செய்து பையில் வைத்திருக்கிறேன். வருகிற மாத முதல் திங்கள்கிழமை ஆபீஸில் கொடுக்கிறேன். பணம் ஜூலையில் கைக்கு வரும், வந்த அன்றே உனக்கு அனுப்பிவிடுகிறேன். இனிமேல் எனக்கு உன் லாண்டரிதான் சம்பளம்.

அவளுக்குப் போன் பண்ணினேன், எடுக்கவில்லை.

அக்கா


மார்ச் 18

அக்கா,

படிவத்தைக் கொடுக்காதே. நலம் விசாரிப்பு இந்தக் கடிதத்தில் இல்லை, கோபித்துக்கொள்ளாதே.

போன் பண்ணிப் பார்த்தேன், நீ எடுக்கவே இல்லை. அதனால் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

18.02 நான் பண்ணியது. கடைசி வரியில் முதலில் ஒரு தொகையைத் தட்டினேன், பதினொன்று வந்தது. ஏற்றினேன், பதினாலு. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன், பதினேழரை. அந்தக் கால ரேடியோவில் முள்ளைத் திருகி ஸ்டேஷன் பிடிப்போமே, அப்படி. பதினெட்டு கிடைத்ததும் திருகுவதை நிறுத்தினேன். மொட்டையாகப் பதினெட்டு என்று எழுதினால் சந்தேகப்படுவாய் என்று அந்த இரண்டை ஒட்ட விட்டேன். நூலகம் பாவம், அதன் மேல் தப்பில்லை. கடைசி வரியில் என்ன எழுதினாலும் அது நம்பும். உன்னை மாதிரி.

நுரை போனில் எந்த மதிப்பும் சொல்லவில்லை. தொழில் கொஞ்சம் மந்தம், அதுதான் விஷயம். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. மாதாமாதம் என்றே போட்டுக்கொள். கிடைத்ததா என்று உடனே எழுது.

தம்பி


மார்ச் 29

அக்கா,

பதினொரு நாள் ஆகிறது. நீ எழுதவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினால் தியேட்டரில் இருப்பதாகச் சொல்கிறார்கள். எப்போது பண்ணினாலும் தியேட்டரில். திங்கள்கிழமை நெருங்குகிறது. அங்கே வந்து நின்றால் என் முகத்தைப் பார்த்து நீ கேட்பாய், நான் ஏதாவது ஜோக் அடித்துவிடுவேன். அந்தப் பயத்தில் எழுதுகிறேன்.

தொழில் மந்தம் என்று எழுதியதும் பொய். தொழிலே இல்லை. லாண்டரி மூடி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாடகை பாக்கிக்குக் கட்டடக்காரர் மெஷின்களை எடுத்துக்கொண்டார். நுரை எந்த ஊரில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை, அவன் நம்பர் உபயோகத்தில் இல்லையாம். அந்த 18.02 கடிதத்தை எழுதியதற்கு முந்தின வாரம், ஏதாவது தேறாதா என்று அந்த இடத்துக்குப் போனேன். இப்போது அது மெத்தைக் கடை. உள்ளே போய் நின்றேன். விற்கிற பையன் ஓடி வந்து, "ஸ்பிரிங்கா சார், பஞ்சா சார்? படுத்துப் பாருங்க" என்றான். படுத்தேன். நமக்காக மெஷின் சுற்றிக்கொண்டிருந்ததாக நான் உனக்குச் சொல்லி வந்த அதே இடம். எழுந்திருக்க முடியவில்லை அக்கா. கண்ணிலிருந்து தண்ணி வழிந்து காதுக்குள் போகிறது, துடைக்கவும் தோன்றவில்லை. அவன் குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் இந்த மாடல்ல அப்படித்தான் சார், முதுகுவலி அப்படியே இளகும்" என்றான்.

உனக்கு அவ்வப்போது லாபம் என்று அனுப்பினேனே, அது என் சம்பளம். ஆரம்பத்திலிருந்தே. நுரை சல்லிக்காசு தந்ததில்லை. அடுத்த மாசம், அடுத்த மாசம் என்பான். அவன் கொடுக்கும் வரைக்கும் நான் கொடுத்து வைப்போம், பிறகு கழித்துக்கொள்வோம் என்று நினைத்தேன். வீட்டில் கேட்டால், ஆபீஸில் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். அவள் அந்த மாசங்களில் தன் சேமிப்பை உடைத்துக் குடும்பம் நடத்தினாள். அந்தத் தேதிகளையெல்லாம் பிப்ரவரியில் அவள் கையாலேயே தட்ட வைத்தேன் பார், என்னை எதால் அடிப்பது? தட்டிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். "இது எனக்குப் பல்லு பிடுங்கக் காசில்லைன்னு சொன்ன மாசம்" என்றாள். மீதி வரிகளையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள். மறுநாள் அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். "ஆவி அடங்குமுன் மூடியைத் திறக்காதீர்கள்" என்று பதினெட்டு வருஷமாக எழுதுகிறவன் நான். எனக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

நேற்று உண்மையான கணக்கைப் போட்டேன். நான் அனுப்பியதை லாபம் என்று எழுதக்கூடாது, எடுத்துவிட்டேன். கடைசி வரி பூஜ்யம். மிஞ்சியது நீ அனுப்பியது மட்டும். இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் முன்னால் நானே கழித்தல் போட்டேன். நூலகம் "ஒன்றுமில்லை" என்றது. அன்றைக்கு எல்லாம் கூட்டலாக இருந்தபோது சொன்னதே பதில்.

கையெழுத்துப் போட்டுவிடாதே. போட்டிருந்தால் ஆபீஸர் காலில் நான் வந்து விழுகிறேன். தயவுபண்ணி ஒரு வரி.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

நலம். நீ நலமாக இருக்க மாட்டாய், அதனால் கேட்கவில்லை.

மாதாமாதம் என்று கையெழுத்துப் போட்டுப் பிப்ரவரியிலேயே கொடுத்துவிட்டேன். நீ அனுப்பிய தேதித் தாள் வந்த வாரமே. உன் 18.02 வரும்போது படிவம் ஆபீஸுக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

நான் உனக்குப் பணம் அனுப்பிய தேதிகளைப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. ஏழு, இருபத்துமூன்று, பதினாறு. ஓவர்டைம் கிடைத்த அன்று அனுப்பியது. நீ எனக்கு அனுப்பியது எல்லாம் மாசம் பிறந்த இரண்டாம் தேதி. ஒன்றுகூடத் தப்பவில்லை. என் பணம் தாறுமாறாகப் போனது என்று எழுதினாய், உன்னுடையதோ ஸ்கூலுக்குப் போகிற பிள்ளை மாதிரி தலைவாரிப் பவுடர் போட்டு வந்திருக்கிறது. எந்த லாண்டரி லாபத்துக்கு உன் கம்பெனியின் சம்பளத் தேதி தெரியும்?

அப்புறம் ஏன் மொத்தமாக வாங்கப் போகிறேன் என்று எழுதினேன் என்பாய். பஞ்சு குறைகிறது என்று சொன்னால் சில சர்ஜன்கள், "எங்கேயும் போயிருக்காது, சரியா எண்ணுங்க" என்பார்கள். தையலுக்கு ஊசியைக் கையில் கொடுத்துவிட்டு, "எண்ணிக்கை சரின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க டாக்டர், தைச்சுடலாம்" என்றால், மறு நிமிஷம் வயிற்றுக்குள் கை போகும். நீ சின்ன வயசிலிருந்தே சின்னத் தப்பைச் சிரிக்கச் சிரிக்க ஒத்துக்கொண்டு பெரிசை மறைக்கிறவன். பஸ் நம்பரைப் படித்து முடித்ததுமே பெரிசு ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. உன் போனை எடுக்காமல் இருந்ததும் அதனால்தான். எடுத்திருந்தால் நான்தான் முதலில் சிரித்திருப்பேன்.

பணம் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழுதேன். மாதாமாதம் வருவது வாடகைக்கும் மருந்துக்கும் சரியாக இருக்கும், அதற்கு மேல் இல்லை. ஜூலையிலிருந்து பக்கத்து கிளினிக்கில் ஊசி போடுகிற வேலைக்குக் கேட்டிருக்கிறேன். நிற்கிற வேலைதான். முழங்காலிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ லாபம் என்று அனுப்பியதில் பாதி அவள் பணம். அதை முடிந்த மாசம் முடிந்த அளவு நான் அவளுக்கு அனுப்புவேன். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். முதல் கடிதத்திலிருந்து. நீ சொல்லப் போவதில்லை, அதனால்.

அவளுக்கு எழுது. போன் பண்ணாதே.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய கட்டு கிடைத்தது. என் தங்கை வீட்டில் எல்லாரும் நலம். முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கே தெரியும், நான் சொல்லக்கூடாது. பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், பிறகு அதற்கும் தேதி எழுதி நூலகத்திடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

திரும்பிப் போவேனா என்று கேட்டிருந்தீர்கள். பல்வலியைக்கூட மன்னித்துவிடலாம் அக்கா. ஏழு வருஷம் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு மனுஷன் தனியாகப் பயந்துகொண்டிருந்தான் என்பதைத்தான் விழுங்க முடியவில்லை. நானே சோதனைக்காரி. ஓட்டிப் பார்க்காமல் எதையும் சரி என்று எழுதிக் கொடுத்ததில்லை. இதை இன்னும் ஓட்டிப் பார்த்து முடிக்கவில்லை.

சனிக்கிழமை குடை எடுக்க வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. பல நாள் தாடியை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்ணாடியில்தான் முதலில் பார்த்தார். வாயைத் திறந்தார், ஏதோ ஜோக் வரப் போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. சோப்பு காய்கிற வரைக்கும் அப்படியே நின்றார். நானும் குடையோடு நின்றேன்.

அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த தெரு ஜன்னலுக்கு வெளியே பஸ் போனது. கண்ணாடிக்குள் அது எதிர்ப்பக்கமாகப் போனது, நெற்றியில் பதினெட்டு என்றிருந்தது. திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் தெருவில் வருகிறது எண்பத்தொன்று.

உங்கள் தம்பி மனைவி